காற்றைப் பார்த்துப் போட்ட வழி

பென்சில் முனை டெஸ்லா ரோட்டின் கோட்டைக் கிழக்கே இழுத்துக்கொண்டு போய் ஆலிவ் மரங்கள் நிற்கும் வளைவில் நின்றது. ஒரு கை பழுப்புக் காகிதத்தை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தது. மற்றக் கை ரப்பரை எடுத்து, அந்த வளைவில் போட்டிருந்த சிறு வட்டத்தை அழித்தது. துகளை ஊதிவிட்டு, இரண்டு விரற்கடை தள்ளி வேறொரு வட்டம் போட்டது. அதையும் சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு அழித்தது.

காகிதம், ஒயின் பாட்டிலைச் சுற்றிக் கொடுக்கும் பையை வெட்டி விரித்தது. வழி போட சண்முகப்ரியா எப்போதும் அதைத்தான் எடுப்பாள். ஃபோனில் அனுப்பினால் யாரும் பார்ப்பதில்லை என்பது அவளுடைய அனுபவம். கையில் காகிதம் இருந்தால் காரில் ஒருவராவது படிப்பார்.

கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் அவள் குடியேறிப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். உடுமலைப்பேட்டைக்காரி. பி.காம். படித்தவள். வேலை செய்யும் அனுமதி கையில் வந்த வருடம், வீட்டுக்கு அருகில் இருக்கிறதே என்று ஒயின் தயாரிக்கும் ஒரு வைனரியில் கண்ணாடிக் கிளாஸ் கழுவப் போனாள். கழுவிய கிளாஸை மோந்து பார்த்து சோப்பு வாசம் இருக்கிறதா, அட்டைப்பெட்டி வாசம் இருக்கிறதா என்று சொல்லும் வேலை. அப்படியே மோந்து மோந்து, கேட்டுக் கேட்டு, இப்போது வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்து விளக்கம் சொல்கிற இடத்தில் நிற்கிறாள். அவள் விழுங்குவதில்லை. வாயில் வைத்துச் சுழற்றித் துப்பிவிடுவாள். ஊரில் மாமியார் சாந்தாமணியிடம் "திராட்சைக் கம்பெனியில கணக்கு வேலைங்க அத்தை" என்று சொல்லியிருக்கிறாள். மாமியாரும் திராட்சை விலை என்ன என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வார்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதித் தமிழர்களின் விருந்தாளிகளுக்கு வைனரி சொல்வது எப்படியோ அவள் வேலையாகிவிட்டது. "அக்கா, சனிக்கிழமை ஃபிரண்ட்ஸ் வர்றாங்க, நல்லதா ரெண்டு சொல்லுங்க" என்று செய்தி வரும். அவள் உடனே வைனரியின் பெயரைச் சொல்ல மாட்டாள், கேள்வி கேட்பாள். யார் யார் வருகிறார்கள்? குழந்தை உண்டா? சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் உண்டா? கார் யார் ஓட்டுகிறார்? கோயிலுக்குப் போகிறீர்களா? போவதானால் சிவா விஷ்ணு கோயில் முதலில், ஒயின் பிறகு. ஒரு கூட்டம் அதை மாற்றிச் செய்துவிட்டு, கோயில் பார்க்கிங்கில் நின்று யார் உள்ளே போகலாம், யார் போகக்கூடாது என்று சண்டை போட்டுவிட்டு, பிரசாதம்கூட வாங்காமல் ஃப்ரீமாண்ட் திரும்பியது.

அவள் சொல்கிற சுவைகளும் அவர்களுக்குப் புரிகிற சுவைகள். "நாவப்பழம் தின்னா நாக்கு பிடிக்குமல்லங்க, அந்த மாதிரி." "புதுப் புளி பிசையறப்ப ஒரு வாசம் வருமே, அது." கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். திரும்பி வந்ததும், சரியாகத்தான் சொன்னீர்கள் என்று எழுதுவார்கள்.

இந்த முறை கேட்டவள் பவதாரணி. யாழ்ப்பாணத்துக்காரி. ஃப்ரீமாண்டில் இருவரும் ஒரே அபார்ட்மெண்டில் எதிரெதிர் வீட்டில் இருந்தவர்கள். பிறகு அவள் கணவன் சுலக்சனுக்கு நியூ ஜெர்சியில் மருந்துக் கம்பெனி வேலை கிடைத்து பிஸ்கட்டவே போய்விட்டார்கள். அங்கே அவனுடைய நண்பன் இளமாறனுக்கு நாற்பதாவது பிறந்தநாள். எட்டுப் பேர் கலிஃபோர்னியா வருகிறார்கள். சனிக்கிழமை முழுவதும் லிவர்மோரில் ஒயின்.

சுலக்சன் குடியை விட்டு ஒன்பது மாதம் ஆகிறது. அது அவனுக்கும் பவதாரணிக்கும் ஒரு மருத்துவருக்கும்தான் தெரியும், நான்காவதாக சண்முகப்ரியாவுக்கு. நண்பர்கள் கூடும் இடத்திலெல்லாம் அவன் கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிடுவான். ஓட்டுகிறவனை யாரும் குடிக்கச் சொல்வதில்லை. போலீஸ் பிடித்தால் விசா, கிரீன் கார்டு எல்லாம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாவிதான் இதுவரை அவனைக் காப்பாற்றியது.

"இன்னொரு தரம் எண்டால் நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவன் ப்ரியா. அவரிட்டயே சொல்லிப்போட்டன்" என்றிருந்தாள் பவதாரணி. "வராமல் விடுவம் எண்டு கேட்டன். 'எவ்வளவு நாளைக்கு ஒளிச்சுக்கொண்டு இருக்கிறது, ஒருக்கா நிண்டு பார்த்தால்தான் எனக்கே தெரியும்' எண்டுறார். நீ வழி போட்டால் நான் கொஞ்சம் நம்பி வருவன்."

வியாழக்கிழமை, விமானம் ஏறுவதற்கு முன் நியூவர்க்கில் இருந்து கூப்பிட்டாள். சண்முகப்ரியா அப்போதுதான் நான்கு இடங்களைக் குறித்து முடித்திருந்தாள்.

"ப்ரியா, வேன் புக் பண்ணிப்போட்டினம். டிரைவரோட."

"யாரு பண்ணுனது?"

"இளமாறன்தான். 'பாவம், எங்க போனாலும் சுலக்சன்தான் ஓட்டுறான், இந்த முறையாவது அவன் ஜாலியா இருக்கட்டும்' எண்டு இவருக்காகவே புக் பண்ணினவராம்."

சண்முகப்ரியா ரப்பரை எடுத்தது அதனால்தான்.

ஓட்டுகிறவனுக்கான வழி வேறு, உட்கார்ந்திருப்பவனுக்கான வழி வேறு. உட்கார வைத்து, ஆளுக்கு ஐந்து கிளாஸ் வரிசையாக முன்னால் வைத்து ஊற்றுகிற இடங்களை முதலில் தள்ளினாள். அங்கே ஒருவன் குடிக்காவிட்டால் ஐந்து கிளாஸும் நிரம்பியபடியே இருந்து காட்டிக்கொடுத்துவிடும். நின்றுகொண்டு குடிக்கிற, துப்பும் வாளி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிற கவுண்டர்களைச் சேர்த்தாள். நடுவில், மலையடிவாரத்தில் இருக்கும் பெரிய வைனரியின் பாதாளக் கிடங்கைப் போட்டாள். பீப்பாய்களைச் சுற்றிக் காட்டுவார்கள். ஒரு மணி நேரம் யார் கையிலும் கிளாஸ் இருக்காது. அவளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அன்று மாலை, பிள்ளையைப் பிஸ்கட்டவேயில் விட்டுவிட்டு வந்திருந்த இருவரையும் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது, காகிதம் ஏறக்குறைய முடிந்திருந்தது.

மற்றவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவில் தங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் சுலக்சனையும் பவதாரணியையும் காரில் ஏற்றிக்கொண்டாள். வழி போட்டால் முன்னதாக ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது அவள் வழக்கம்.

செப்டம்பர் கடைசி. அறுவடைக் காலம். டெஸ்லா ரோட்டில் திராட்சைத் தொட்டிகளை ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்தது. சுலக்சன் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டு வந்தான்.

"அக்கா, இவ்வளவு முந்திரிகையும் ஆர் பறிக்கிறது? மெஷினோ?"

"பாதி மெஷினு, பாதி கையிங்க தம்பி."

பெரிய வைனரியில் அவளுக்குத் தெரிந்தவர்கள் கிடங்கின் கதவைத் திறந்துவிட்டார்கள். சண்முகப்ரியா முன்னால் நடந்தாள். எந்தப் பீப்பாய் எந்த நாட்டு மரம், ஏன் அடிக்கடி நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். மரத்தின் வழியாக ஒயின் மெல்ல ஆவியாகிக் குறைந்துகொண்டே இருக்கும், அதை ஈடுகட்ட வேண்டும் என்றாள். பதில் வராததால் திரும்பிப் பார்த்தாள்.

சுலக்சன் வாசலைத் தாண்டவில்லை. கதவின் இரும்புப் பிடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். பவதாரணி அவனுக்கும் பீப்பாய்களுக்கும் நடுவில் வந்து நின்றிருந்தாள்.

"அக்கா, நான் வெளியில நிக்கிறன்" என்றான். குரல் மிகவும் மரியாதையாக இருந்தது. போய்க் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டான்.

"உனக்கு மணக்கேல்லையா ப்ரியா?" என்று கேட்டாள் பவதாரணி.

"எது?"

"இந்த மணம். கதவு திறக்கேக்கையே முகத்தில அடிச்சுது."

சண்முகப்ரியா ஆழமாக மூச்சிழுத்துப் பார்த்தாள். ஓக் மரம் தெரிந்தது. ஈரச் சிமெண்ட் தெரிந்தது. மூலையில் புதிதாகக் கழுவிய பீப்பாய் ஒன்று இருப்பதுகூடத் தெரிந்தது. ஆனால் பவதாரணி சொன்ன அந்த ஒரு மணம், முகத்தில் அடிக்கிற மணம், அவளுக்குத் தெரியவில்லை. மிளகாய் அரைக்கிற மில்லில் நிற்பவன் தும்முவதில்லை. கிளாஸ் இல்லாத இடம் என்று பார்த்தாளே தவிர, மூச்சு இல்லாத இடம் என்று ஒன்று இல்லை என்பதை நினைக்கவில்லை. அறுவடைக் காலத்தில் ஊரில் பாதி இடத்தில் தொட்டி தொட்டியாகத் திராட்சை புளித்துக்கொண்டிருக்கிறது. குடியை விட்டவனை நாள் முழுவதும் அதற்குள்ளேயே சுற்ற வைக்க அவள் வழி போட்டிருக்கிறாள்.

"பவா, தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். "இதெல்லாம் வேண்டாம். வேற போடறேன். ஆனா என் மூக்கை நம்ப முடியாது. நீ வரணும்."

"என்ர மூக்கோ?" பவதாரணி சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல அது. "ஒன்பது மாசமா அவர் வேலையால வந்த உடனே வாயை மணந்து பார்க்கிறதுதான் என்ர வேலை. மணக்கிற மாதிரியும் காட்டக் கூடாது. நாய்க்குக்கூட இவ்வளவு பழக்கம் இராது."

சுலக்சனை வீட்டில் விட்டார்கள். தலை இடிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்றான். சண்முகப்ரியா வீட்டுச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு, பவதாரணியோடு மறுபடி கிளம்பினாள்.

லிவர்மோரில் மத்தியானத்துக்கு மேல் காற்று மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். அதனால்தான் ஆல்டமாண்ட் மலையில் அத்தனை காற்றாலைகள். திராட்சை புளிக்கிற தொட்டிகள் ஒரு வைனரியில் எந்தப் பக்கம் இருக்கின்றன, ஜனங்கள் உட்காரும் முற்றம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சண்முகப்ரியாவுக்கு மனப்பாடம். முற்றம் மேற்கே, தொட்டி கிழக்கே என்றால் மணம் மலைப்பக்கம் போய்விடும். காலையில் காற்றே இராது. அப்போது தொட்டியே இல்லாத, பாட்டிலை மட்டும் வைத்து விற்கிற இடமாகப் பார்க்கவேண்டும். அவள் வண்டியை நிறுத்துவாள். பவதாரணி இறங்கி முற்றத்தின் நடுவில் போய் ஒரு நிமிடம் நிற்பாள். அங்கிருந்தே தலையை ஆட்டுவாள்.

ஆலிவ் மரத்து வீடு, சரி. சிவப்புக் கொட்டகை, வேண்டாம்.

"இங்க பின்னால இருந்து வருது."

"பின்னால ஒண்ணுமில்லையே. ஓ, பக்கத்துத் தோட்டத்துல பழச் சக்கையக் கொட்டி வச்சிருக்காங்க. சரி, இது வேண்டாம்."

கிரீன்வில் ரோட்டில் ஓர் இடம் சரியாக இருந்தது. வெளியில் புல், மர மேசைகள், நடந்துபோக நீளமான வரிசைகள். அதற்கடுத்ததும் சரி. நான்காவதைப் பார்க்கப் போகும் வழியில் பவதாரணி சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"உன்ர வீட்டில போத்தல் வச்சிருக்கிறியோ?"

சண்முகப்ரியா வேகத்தைக் குறைத்தாள். கராஜில் ஒரு அலமாரி நிறைய இருந்தது. வைனரியில் மாதாமாதம் கொடுப்பது. அவளும் குடிப்பதில்லை, கணவன் கோபாலசாமியும் எப்போதாவதுதான். அதை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அவை இருந்தன; அரிசி மூட்டையைப் போலவே அவளுக்கு அவை கண்ணில் படாமல் போயிருந்தன.

"கராஜுல இருக்கு" என்றாள்.

பவதாரணி மடியில் கிடந்த கைப்பையின் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். அவனுக்கு ஃபோன் அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. சண்முகப்ரியா வண்டியைத் திருப்பி வீட்டுப் பக்கம் விட்டாள். வாஸ்கோ ரோட்டில் மாலை நேரத்துக் கார்கள் மலையைத் தாண்டி வீடு திரும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சிக்னலும் சிவப்பாக இருந்தது. "சாவியக் குடுத்துட்டு வந்தது நான்தான்" என்றாள் சண்முகப்ரியா. பவதாரணி மறுபடி ஃபோன் அடித்தாள்.

தெருமுனை திரும்பியதும் அவனைப் பார்த்தார்கள். வீட்டுக்கு முன்னால், நடைபாதையின் விளிம்பில், வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். பின்னால் வீட்டுக் கதவு மூடியிருந்தது.

சண்முகப்ரியா வண்டியை நிறுத்தும் முன்பே பவதாரணி இறங்கிவிட்டாள்.

"சாவி எங்க?"

"உள்ள வச்சிட்டுக் கதவைச் சாத்திப்போட்டன்" என்றான். "ஃபோனும் உள்ளதான். இனித் திறக்க ஏலாது."

"ஏன்?"

"தண்ணி குடிக்க எழும்பினன். கராஜ் கதவு எண்டு தெரியாமல் திறந்தன்." அவன் தன் பாதங்களைப் பார்த்தான். "திறந்தாப் பிறகு தெரியும். கொஞ்ச நேரம் நிண்டன். பிறகு வெளியில வந்திட்டன். வெளியில வர வழி இருந்தபடியா வந்திட்டன்."

பவதாரணி அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அவன் மறைக்காமல் முகத்தை உயர்த்தி, மூச்சை மெல்ல வெளியே விட்டான். சண்முகப்ரியா காரைப் பூட்டுவதுபோல் திரும்பிக்கொண்டாள். எதிர்வீட்டுப் புல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பியபோது பவதாரணி அவன் பக்கத்தில் நடைபாதையிலேயே உட்கார்ந்து, தன் செருப்பைக் கழற்றி அவன் காலடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். தார் இன்னும் சுட்டது.

"இது காணுமோ உங்களுக்கு? பெண்டுகள் செருப்பு" என்றாள்.

"ஒரு விரலுக்குக் காணும்."

கோபாலசாமி வேலை முடிந்து சான் ஹோஸேயிலிருந்து வந்து தன் சாவியால் கதவைத் திறந்ததும், சண்முகப்ரியா முதலில் செய்தது பாட்டில்களை எல்லாம் அவனுடைய காரில் ஏற்றி அவன் நண்பன் வீட்டுக்கு அனுப்பியது. "என்ன, ரெய்டு வரப்போகுதா?" என்று கேட்டுக்கொண்டே அவன் தூக்கினான். அவள் காரணம் சொல்லவில்லை.

பிறகு சுலக்சனுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, என்கிட்ட நல்ல வைனரி எதுன்னு கேட்டா, உங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுமில்லைங்க. நாளைக்கு நீங்க இங்கயே இருங்க. வயிறு சரியில்லைன்னு சொல்லிக்கலாம்."

"வயித்தை எத்தினை தரம் சொல்லுறது அக்கா? போன மாசமும் வயிறுதான்."

"அப்ப போயே ஆகணுங்களா?"

"போகோணும். ஆனா எனக்குக் கதவு வேணும். நான் எழும்பினால் எழும்பலாம் எண்டு இருக்கோணும். வேனுக்குள்ள எட்டுப்பேர், டிரைவர் ஆற்றை சொல்லைக் கேப்பான்? இளமாறன் இன்னும் ஒரு ரவுண்டு எண்டால் இன்னும் ஒரு ரவுண்டுதான்."

சண்முகப்ரியா பழுப்புக் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு இன்னொரு பையை வெட்டி விரித்தாள். இந்த முறை அதிகம் அழிக்கவில்லை. நான்கு இடம். முதலாவது, காலையில், தொட்டி இல்லாத இடம். நான்கிலும் வெளி முற்றம்; மற்ற மூன்றில் அது தொட்டிக்கு மேற்கே. ஒவ்வொன்றிலும் நடந்துபோக என்ன இருக்கிறது என்று எழுதினாள்: ஆலிவ் வரிசை, குளம், மேட்டிலிருந்து காற்றாலை தெரியும் இடம். நடுவில் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போட்டாள், அதுவும் ஊருக்குள், கோயிலுக்குப் பக்கத்தில். முடித்துவிட்டு, சுலக்சனிடம் வாங்கிய எண்ணில் வேன் கம்பெனியைக் கூப்பிட்டு, நாளைக்கு வரும் டிரைவரிடம் பேசவேண்டும் என்று கேட்டு வாங்கிப் பேசினாள்.

சனிக்கிழமை காலை வேன் வீட்டு வாசலுக்கு வந்தது. இளமாறன் முதலில் இறங்கினான். கோயம்புத்தூர்க்காரன், பெரிய உடம்பு, பிறந்தநாளுக்கு வாங்கிய புதுத் தொப்பி.

"சிஸ்டர், நீங்கதானா அந்த ஒயின் ஜோசியர்? பிஸ்கட்டவேல உங்க பேரு பெருசு." வேனைத் தட்டினான். "பாத்தீங்களா வண்டிய? இன்னைக்கு இவன் ஸ்டியரிங்கத் தொடக்கூடாது. ஒன்பது மாசமா டிரைவர் வேலை பாக்கறான். நேந்துகிட்டானோ என்னவோ."

சுலக்சன் பவதாரணியின் பக்கத்தில் நின்றான். முகம் சவரம் செய்து சுத்தமாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு பைகளிலும் மாற்றி மாற்றி வைத்தான்.

இளமாறன் சண்முகப்ரியாவின் தோளுக்கு மேலாக எட்டிக் காகிதத்தைப் படித்தான். "நாலும் வெளியில உக்கார்ற இடமா? என்ன சிஸ்டர், பர்த்டேக்குப் பிக்னிக்கா? அந்தக் குகை மாதிரி ஒண்ணு இருக்காமே, பீப்பாயா அடுக்கி வச்சு, யூடியூப்ல பாத்தேன்."

"இருக்குதுங்க. இதுல இல்லீங்க."

"ஏன்?"

"இது நான் போட்ட வழிங்க. குகை வேணும்னா யூடியூப்பையே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

வேனுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். இளமாறனும் சிரித்துவிட்டுக் கையை நீட்டினான். "சரி குடுங்க, ஒயின் அம்மா சொன்னாச் சரி."

அவள் காகிதத்தைக் கொடுக்கவில்லை. "டிரைவர்கிட்டப் பேசிட்டேனுங்க. நாலு இடத்துலயும் எனக்குத் தெரிஞ்சவங்கதான் ஊத்தறாங்க, அவங்ககிட்டயும் சொல்லியாச்சு. இந்தக் காகிதம் யார் கையில இருக்குதோ அவங்க கிளம்பலாம்னா வண்டி கிளம்பும். பாதி கிளாஸ் இருந்தாலும் கிளம்பும். அப்படி ஒருத்தர் இல்லைன்னா நாலாவது இடத்துக்கு நீங்க போய்ச் சேரமாட்டீங்க. எத்தனை கூட்டத்தப் பாத்திருக்கேன்."

"என் பர்த்டே, என் வேன். நானே வச்சுக்கறேன் அந்தப் பேப்பர."

"குடிக்கிறவங்க கையில குடுக்கறதில்லீங்க."

இளமாறன் நீட்டிய கையைக் கீழே போட்டான். வேனில் இருந்த ஐந்து பேரையும் திரும்பிப் பார்த்தான். பிறகு சுலக்சனைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் நின்றுவிட்டது.

"எல்லாரும் குடிக்கத்தானே வந்தோம். நீ குடிக்கலயா மச்சி?"

பவதாரணியின் விரல்கள் கைப்பை வாரில் இறுகின. யாராவது பேசினால் நல்லது என்று சண்முகப்ரியாவுக்கு இருந்தது. ஆனால் இது அவள் பேசவேண்டிய இடம் இல்லை. காகிதத்தைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"இல்லை மச்சான்" என்றான் சுலக்சன்.

"இன்னைக்கா?"

"இண்டைக்கும்."

இளமாறன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டான். ஒன்பது மாத டிரைவர் வேலையை அவன் மனதுக்குள் திருப்பிப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு வேன் கதவைவிட்டு நகர்ந்து, டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைக் கண்ணால் காட்டினான். "அப்ப நீ முன்னால உக்காரு" என்றான். "வழி சொல்றவன் பின்னால இருந்து கத்தினா எனக்குக் கேக்காது."

சண்முகப்ரியா காகிதத்தை இரண்டாக மடித்தாள். சுலக்சன் வலது கையைப் பையிலிருந்து எடுத்து, உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினான். அவள் அதில் வைத்தாள்.